டிஏபி வைத்த பையில் வேம் எதற்கு?

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எலுமிச்சை நாற்றுக்கு வேம் எனும் வேர் உட்பூசணம் போட்டேன், கூடவே டிஏபியும் வைத்தேன். வேம் போட்ட பைக்கும் போடாத பைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே?”

இருக்காதுதான். டிஏபி வைத்தீர்களே!

திண்டிவனம், வானூர் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு அதிகம். மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேர் உறிஞ்சித் தீர்த்துவிட்டால், பை நிறைய மண் இருந்தும் நாற்று பட்டினிதான். அப்போது வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைத் துளித்துளியாகக் கசியவிடுகிறது. அது பட்டதும் பூசண இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேடி வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2005இல் கண்டறிந்தார்கள். சோளக் கொல்லையில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை முளைப்பதும் இதே கசிவை மோப்பம் பிடித்துத்தான்!

நெல்லுக்கு உப்பு மாற்றும் வண்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பூசணம்தான் அந்த வண்டிக்காரர். உப்பு, மணிச்சத்து; நெல், இலை தயாரித்த சர்க்கரையும் கொழுப்பும். இந்த வண்டிக்காரர் தெருவில் நிற்பவரல்ல. வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து, குட்டி மரம்போலக் கிளைத்துக் கடை விரிக்கிறார். சில நாளில் அந்தக் கடை கலையும், பக்கத்து அறையில் புதுக்கடை. வீட்டுப் பானையில் உப்பு நிறைந்திருந்தால் வண்டியை யார் கூப்பிடுவார்கள்? மணிச்சத்து உரமான டிஏபிதான் அந்த நிறைந்த பானை. வேர் கசிவைக் குறைத்துக்கொள்கிறது.

இந்தக் கூட்டுறவுக்கு ஜெர்மனியின் ஃபிராங்க் 1885இல் மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் நச்சுப்புகை செலுத்திச் சுத்தப்படுத்திய மண்ணில் எலுமிச்சை இன நாற்றுகள் குட்டையாகவே நின்றதற்கு, பூசணம் இல்லாமற்போனதே காரணம் என்று 1972இல் இருவர் காட்டினார்கள்.

அதற்காக எல்லா மண்ணுக்கும் வேம் பாக்கெட் வேண்டும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். மரத்தடிச் செம்மண்ணில் பெரும்பாலும் பூசணம் ஏற்கெனவே இருக்கும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் இருக்காது; அங்கேதான் காசு கொடுத்து வாங்குவதற்கு அர்த்தம். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் பெருகாது. அதனால்தான் வெர்மிகுலைட்டில் மக்காச்சோளம் வளர்த்து, சுமார் 60 நாளில் வேரை நறுக்கிச் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். மேலே தூவிப் பயனில்லை. விதைக்குக் கீழே, முளைவேர் தொடும் இடத்தில் இட வேண்டும். தழைச்சத்து வழக்கம்போலக் கொடுக்கலாம். நாற்றுப் பருவத்தில் டிஏபியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நாற்றழுகலுக்குக் கார்பன்டசிம் ஊற்றும் வழக்கம் இருந்தால், வேம் இட்ட பைகளைத் தள்ளி வையுங்கள்; அந்த மருந்து இதையும் ஒடுக்கிவிடும்.