மெல்ல வீசும் கோல்

திருநெல்வேலியிலிருந்து மருதனார்மடம் நெடுந்தூரமன்று. அங்கே 1960 இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் நுண்கலைக் கழகம், 1975 இல் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. பரதம் பயிலத் தொடங்கும் எந்த மாணவியும் முதலிற் கற்பது தட்டடவு. ஆசிரியர் தட்டுக்கழியால் தாளமிட, அவள் அரைமண்டியில் நின்று, 'தெய்யா தெய்' என்னும் சொற்கட்டுக்கு முதற்காலத்திலே அடிவைக்கிறாள். அது செவ்வையான பின்னரே இரண்டாங்காலமும் மூன்றாங்காலமும் வரும். மூன்றாங்காலத்தில் ஆடவேண்டியதை முதற்காலத்தில் ஏன் பயிலவேண்டும்? இவ்வினாவுக்கு விடை தரும் மற்றொரு துறை கோல்ப் ஆட்டம்.

கோல்ப் நமக்கு அதிகம் பழகிய ஆட்டமன்று. இலங்கையில் கொழும்பிலே 1879 இலும், நுவரெலியாவிலே 1889 இலும் அதற்குக் கழகங்கள் தோன்றின. தரையிற் கிடக்கும் 46 கிராமுக்கும் குறைந்த பந்தொன்றை, நின்ற நிலையில் நின்று கோலால் அடிக்கவேண்டும், அவ்வளவே. ஆயினும், பல்லாண்டு ஆடியவர்களும் அந்த வீச்சிலே தவறுகின்றனர்.

காரணம் வேகமே. தேர்ந்த ஆட்டக்காரர் பின்னே உயர்த்திய கோலை இறக்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறத்தாழக் கால் செக்கனே செல்கிறது. கோலின் தலை மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் வருகிறது. அது பந்துடன் ஒட்டியிருக்கும் நேரமோ செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்களவே. கண்ணாற் கண்டதற்கு உடல் எதிர்வினை புரியவே ஐந்தில் ஒரு செக்கன் வேண்டும். ஆகவே, வீச்சினிடையே பிழையை உணர்ந்து திருத்த வழியில்லை. திருத்தம் முன்னரே உடலிற் படிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் இதனை நன்குணர்ந்தவர். 1949 இல் பேருந்து மோதிப் படுகாயமுற்று, அடுத்த ஆண்டே அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்றவர் அவர். 1957 இல் வெளிவந்த அவருடைய நூல், கோலைப் பற்றுதல், நிற்றல், வீச்சின் முற்பகுதி, பிற்பகுதி என ஒரே அசைவைப் பகுத்து விளக்குகிறது. தம் வீச்சை மிக மெதுவாக அவர் செய்துகாட்டும் படமும் உண்டு.

மெதுவாகப் பயிலும் முறை இது: பந்தின்றி நின்று, முழு வீச்சையும் அரை நிமிடம் அளவுக்கு நீட்டவேண்டும். தோள் எப்போது திரும்புகிறது? பாரம் எக்காலில் நிற்கிறது? கோல் இறங்கும்போது இடுப்பு முந்துகிறதா, கை முந்துகிறதா? விரைவிலே மறைந்து நின்ற பிழை அப்போது வெளிப்படும். கை முந்துகிறதெனக் கண்டால், அவ்விடத்திலேயே நின்று மீண்டும் தொடங்கலாம்.

எனினும், மெதுமை மாத்திரம் போதாது. அது தருவது அசைவின் வழியும் ஒழுங்குமே; விசையை உணர்த்தாது. ஆதலின் படிப்படியாக வேகத்தைக் கூட்டி, இறுதியிற் பந்தையும் அடித்துப் பழகவேண்டும். பிழையை மெதுவாகச் செய்தாலும் பிழையே படியும். கண்ணாடியோ ஆசிரியரின் கண்ணோ அருகில் வேண்டும். நம் முன்னோர் முதற்காலத்தோடு நில்லாமல் மூன்று காலம் வகுத்ததும், தட்டுக்கழியோடு ஆசிரியரை எதிரே இருத்தியதும் இதனாலன்றோ!

இன்று நம்மிடையே அரங்கேற்ற நாளைக் குறித்துவிட்டு அடவைத் துரத்துவோரும், பரீட்சைத் திகதியை நோக்கிப் பாடத்தை ஓட்டுவோரும் பலர். முதற்காலத்திற் செலவிடும் நாள்களை அவர்கள் வீணென எண்ணுகின்றனர். பிழை கண்ணுக்குப் புலப்படுவதும் கைக்கு அகப்படுவதும் அந்நாள்களிலேதான். அவற்றைப் பறித்துவிட்டால், மாணவி மேடையிலே விரைவாக ஆடுவாள்; பிழையும் அவளோடு விரைவாக ஆடும். அப்போது தட்டுக்கழியை நிறுத்தி, "மறுபடியும் முதற்காலம்" என்று சொல்ல எவராலும் இயலாது.