ஈன்று வளர்க்கும் புறாக்களிடையே சண்டை

புறா வளர்க்கும் குடியானவர்களில் அநேகர், முட்டை உடைந்தும் குஞ்சு இறந்தும் கிடக்கக் கண்டால் பூனையின்மீது பழி போடுகிறார்கள். பூனையோ குஞ்சைத் தூக்கிச் சென்றுவிடும். உடல் முழுதாயிருக்கத் தலைத்தோல் மட்டும் கிழிந்திருக்குமாயின், அது பெரும்பாலும் அண்டைக் கூட்டுப் புறா கொத்தியதேயாகும்.

வீட்டுப் புறாவின் மூதாதை, பாறை இடுக்குகளில் கூடு வைக்கும் காட்டுப் புறா. ஒவ்வொரு ஜோடியும் ஓரிடத்தைப் பிடித்து அதைப் பிறருக்கு விடாது காக்கும். அவ்வியல்பு இன்றும் மாறவில்லை. ஆகவே இச்சண்டைக்குப் பறவையின் துர்க்குணத்தைவிட நாம் அமைக்கும் கூண்டே பெரிதும் காரணம்.

முதலாவது, துணையற்ற சேவலைக் கூண்டில் விடலாகாது. அது பிற ஜோடிகளின் கூடுகளில் புகுந்து கலகம் விளைக்கும். புறாவில் ஆண் பெண் வேற்றுமை எளிதில் தெரியாது. ஒரே கூட்டில் நான்கு முட்டைகள் காணப்படின், அங்கே இரண்டு பேடுகள் சேர்ந்திருக்கின்றனவென்று ஐயுறலாம். அப்படியாயின் வேறெங்கோ துணையற்ற சேவல்கள் இருத்தல் கூடும்.

இரண்டாவது, ஜோடி ஒன்றுக்கு இரண்டு அறைகள் வேண்டும். முட்டை பொரிக்கச் சுமார் 18 நாட்களும், குஞ்சு கூட்டை விட்டு வெளிவர ஏறக்குறைய நான்கு வாரங்களும் ஆகும். ஆனால் குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆனவுடனேயே பேடு மறுபடியும் முட்டையிட இடந்தேடும். இடமில்லையேல் அயற்கூட்டில் நுழையும், சண்டை மூளும். ஓரடி நீள அகல உயரமுள்ள இரண்டு அறைகளை அடுத்தடுத்து அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மட்சட்டி வைத்தால் போதும். ஜோடிகளுக்கு வேண்டியதற்கு மேலும் ஓரிரண்டு அறைகள் காலியாயிருப்பது நலம்.

மூன்றாவது, அறைகள் யாவும் ஒரே மாதிரியாயிருத்தல் வேண்டும். மேல்வரிசையில் இருக்கவே புறாக்கள் போட்டியிடுமாதலால், அவ்வரிசையில் இடம் மிகுதியாய் இருக்கட்டும். அறைவாயிலில் நாலங்குலத் தடுப்புப் பலகை அடித்தால் குஞ்சுகள் தவறி அயற்கூட்டிற்குப் போகமாட்டா. தீனியையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

புதிய ஜோடியைத் திடீரென்று நடுவில் விடாமல், ஒரு வாரம் கம்பித் தட்டியிட்ட அறையில் அடைத்துவைத்துப் பிறகு திறந்துவிடுக. அது தன் இடத்தை அறிந்துகொள்ளும்; மற்றவையும் பழகும்.

சேவல் தன் பேட்டையே இடைவிடாது பின்தொடர்ந்து கூட்டிற்குத் துரத்துவதைக் கண்டு சிலர் பிரித்துவிடுகின்றனர். இது முட்டையிடுவதற்கு முன் நிகழும் வழக்கம், முட்டையிட்டபின் தணியும். இரத்தம் வரக் கொத்தினாலன்றி இதில் தலையிட வேண்டியதில்லை.

மேற்கண்டவற்றைச் செய்வதற்குத் தச்சனுக்கு ஒரு நாட் கூலியும் சில பழம் பலகைகளும் போதும். அதைத் தள்ளிப்போட்டால், ஒவ்வொரு ஈற்றிலும் இரண்டு குஞ்சுகளை இழக்க நேரிடும்.