1999 கேமில் 2022-ல் வந்து சேர்ந்த சோழர் கப்பல்.. பழைய ஸ்ட்ராட்டஜி கேம்களில் காரைக்கால் கரைக்கு என்ன இடம்?

தரங்கம்பாடியில் இருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 35 கிலோமீட்டர். நடுவில் காரைக்கால். தரங்கம்பாடிக்கு 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள். நாகப்பட்டினத்தை 1658-ல் போர்ச்சுகீசியரிடம் இருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1781-ல் அதை ஆங்கிலேயர்கள் பறித்தார்கள். காரைக்கால் 1739-ல் தஞ்சை மன்னரிடம் இருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, இடையிடையே ஆங்கிலேயர்கள் பிடித்தாலும் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது 1954-ல்தான். இதற்கெல்லாம் 600 வருஷம் முன்பே சோழர் கப்பல்கள் போய்வந்த கரை இது.

துறைமுகம் கட்டு, படை திரட்டு, பக்கத்து ஊரைப் பிடி என்று சொல்லும் ஸ்ட்ராட்டஜி கேம்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரைபடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் இந்தக் கரை அந்த கேம்களுக்குள் வர ரொம்ப காலம் பிடித்தது. அந்தக் கதை இதோ.

யானை வேண்டுமா? பாரசீகரை எடு!

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' வெளியானது 1999 செப்டம்பரில். அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 32 எம்பி ரேம் இருந்தாலே ஓடும். அதனால்தான் 2000-களில் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களிலும் கல்லூரி லேப்களிலும் அது புகுந்து விளையாடியது.

அதில் மொத்தம் 13 நாகரிகங்கள். பிரிட்டன், ஜப்பான், மங்கோலியர், வைக்கிங் எல்லாம் உண்டு. இந்தியா மட்டும் இல்லை. போர் யானை வேண்டுமென்றால் பாரசீகரைத்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பையன் யானைப் படைக்காக ஈரானியனாக மாறி விளையாடிய காலம் அது! பிரெஞ்சுக்காரர்களின் முன்னோரான ஃப்ராங்குகள் இருந்தார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் கதைக்குத் தனிப் பகுதியே உண்டு. புதுச்சேரியில் மாதா கோயில் எதிரே சிலையாக நிற்கிறாரே, அதே ஜோன்தான். காரைக்கால்காரருக்கு அன்று கிடைத்த ஒரே 'உள்ளூர்' சம்பந்தம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

2013-ல் 'தி ஃபர்காட்டன்' என்ற கூடுதல் தொகுப்பில் 'இந்தியர்கள்' வந்தார்கள். ஆனால் அவர்களின் பலமே ஒட்டகப் படை. கதையோ பிருத்விராஜ் சௌகானுடையது. காவிரிக் கரையில் யார் ஒட்டகம் மேய்த்தார்கள்?

2016-ல் 'ரைஸ் ஆஃப் தி ராஜாஸ்' என்று இன்னொரு தொகுப்பு. பெயரைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். பர்மியர், கெமர், மலாய், வியட்நாமியர் நான்கு பேரும் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கியது ஸ்ரீவிஜயத்தை. அந்த மலாய் உலகம் கேமுக்குள் வந்துவிட்டது, படையெடுத்துப் போன சோழர் இன்னும் வரவில்லை!

2022-ல் என்ன மாறியது?

2022 ஏப்ரல் 28-ல் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'தான் திருப்பம். பழைய 'இந்தியர்கள்' இந்துஸ்தானிகள் என்று பெயர் மாறினார்கள். வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு கதைத் தொடரும் வந்தது. கேம் வெளியாகி 23-வது வருஷத்தில்!

திராவிடர்களுக்குக் கொடுத்த சலுகைகளைப் பார்த்தால், உருவாக்கியவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். அடுத்த யுகத்துக்கு முன்னேறும் ஒவ்வொரு முறையும் 200 மரம் இலவசம். மரம் என்றால் கப்பல். மீனவர்களும் மீன்பிடிப் படகுகளும் மற்றவர்களைவிட 15 அலகு அதிகமாகச் சுமந்து வருவார்கள். கரையோர ஊரில் இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'திரிசடை' என்ற பெரிய போர்க்கப்பல் இவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆளைக் கிளிக் செய்தால் பதில் தமிழில் வரும்.

குதிரைப் படை மட்டும் நோஞ்சான். நைட் எனப்படும் கனரகக் குதிரை வீரர்களே கிடையாது. இது குறை போலத் தெரியும், ஆனால் வரலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழகத்து மன்னர்கள் நல்ல குதிரைகளை அரபு, பாரசீகக் கரைகளில் இருந்து கப்பலில்தான் வரவழைத்தார்கள். பாண்டிய நாட்டின் குதிரை இறக்குமதியை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். அதனால் திறந்த நிலப் போட்டியில் திராவிடர்களைத் தேர்வு செய்யப் பலர் யோசிப்பார்கள். கடல் வரைபடம் என்றால் கதையே வேற.

சரி, எல்லாமே சரியாக வந்துவிட்டதா? இல்லை. சுருள்வாள் வீரனை முக்கியப் படையாக வைத்திருக்கிறார்கள். சுருள்வாள் என்றதும் நினைவுக்கு வருவது கேரளக் களரி. சோழனை அதன் கையில் ஒப்படைப்பது கேம் வசதிக்காகச் செய்தது. 'திராவிடர்' என்ற பெயரும் இடிக்கிறது. சோழர், பாண்டியர், சேரர் என்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்களை ஒரே கொடியின் கீழ் நிறுத்திவிட்டார்கள்.

பெரிய இழப்பு இன்னொன்று. ஸ்ரீவிஜய மன்னருக்காக நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழும்ப ராஜராஜன் இடம் கொடுத்தான், ஆனைமங்கலம் கிராமத்தையும் தானமாக எழுதிவைத்தான். அவன் மகன்தான் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். நட்பும் வணிகமும் போரும் கலந்த இந்த உறவு, எதிரியை இடித்தால் வெற்றி என்ற கணக்குக்குள் அடங்காது. இந்த விஷயத்தில் 2025-ல் வந்த 'சிவிலைசேஷன் 7' ஒரு படி மேல். அதில் சோழர்களுக்கென்று மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயரிலேயே கட்டடங்கள் உண்டு.

ஏன் ஸ்ட்ராட்டஜி மட்டும் பிடித்தது?

அதே காலத்தில் ரோல்-பிளேயிங் கேம்களும் அட்வென்ச்சர் கேம்களும் உச்சத்தில்தான் இருந்தன. ஆனால் இங்கே ஸ்ட்ராட்டஜி அளவுக்கு ஓடவில்லை. காரணம் மொழி.

1999-ல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' ரோல்-பிளேயிங் கேம்களின் சிகரம் என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. அதில் பல லட்சம் ஆங்கிலச் சொற்கள். சண்டையைவிடப் படிப்பதுதான் அதிகம். தமிழ் வழியில் படித்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவரால் அதை எப்படித் தாண்ட முடியும்? அட்வென்ச்சர் இன்னும் மோசம். 1991-ல் வந்த 'மங்கி ஐலண்ட் 2'-ல் ஒரு குழாயைத் திருக, ஒரு குரங்கையே ஸ்பேனராகப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் அந்த மாதிரி ஸ்பேனருக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர், அதுதான் சிலேடை. அந்தப் பெயர் பழக்கமில்லாத பிரிட்டன்காரர்களே அதில் திணறினார்கள். நம்ம ஊர்க்காரர் குரங்கை எங்கே யோசிப்பார்?

ஸ்ட்ராட்டஜி கேமில் அந்தத் தொல்லை இல்லை. மரத்தைக் கிளிக் செய், ஆள் வெட்டுவான். அட்வென்ச்சர் வகை தமிழரின் வீட்டுக்குள் நிஜமாகவே வந்தது 2023-ல், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதைக்களமாக்கிய 'வெண்பா'வில்தான். கிழிந்துபோன சமையல் குறிப்பைச் சேர்த்து இட்லி அவிப்பதுதான் அதில் புதிர். அடுத்த வருஷமே பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதை அது தட்டிச் சென்றது.

'ஆன்லைன் கேம் தடை' இதற்கும் பொருந்துமா?

பெற்றோர்கள் பலருக்கு இருக்கும் குழப்பம் இது. பொருந்தாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடுப்பது பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் கேம்களை. தமிழ்நாட்டின் 2022 சட்டம் காரைக்கால் எல்லையோடு நின்றுவிடும், மத்திய சட்டம் புதுச்சேரிக்கும் உண்டு. பழைய ஸ்ட்ராட்டஜி கேமில் பந்தயப் பணமே கிடையாது. ஒருமுறை வாங்கினால் போதும், தோற்றால் நேரம்தான் போகும்.

வாங்கியது நம்மிடமே இருக்குமா?

இங்கேதான் சிக்கல். பழைய கேம் சிடிகள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற பூட்டு விண்டோஸ் 10-ல் வேலை செய்யாது. காசு கொடுத்து வாங்கிய சிடி பீரோவில் இருந்தாலும் கேம் திறக்காது. ராஜேந்திரன் வரும் தொகுப்பு டவுன்லோடாகத்தான் கிடைக்கிறது. கேமின் புதிய பதிப்பு கையில் இருந்தால்தான் அதைச் சேர்க்க முடியும். அந்தப் பதிப்புக்கு 4 ஜிபி ரேமும் 30 ஜிபி இடமும் தேவை.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87% இன்று கடையில் கிடைப்பதே இல்லை. விற்பனையில் இல்லாத பழைய கேம்களை ஆய்வாளர்கள் வீட்டில் இருந்தபடியே பார்க்க நூலகங்கள் வழி செய்யலாமா என்று அங்கே அனுமதி கேட்கப்பட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்க பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இப்போதைக்கு அந்த கேம்களை ஆராய வேண்டுமென்றால் நூலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும்.