வீட்டு பிசியை வெளியூர்ல இருந்து இயக்கணுமா? 40 ரூபாய் பேட்டரியில இருந்து ஆரம்பிங்க

ரிமோட் ஆக்சஸ் பத்தி நம்ம சேனல்ல வந்த வீடியோவுல எந்த ஆப் நல்லதுன்னு பார்த்தோம். ஆப்புக்குப் பெருசா செலவு இல்லை, பெரும்பாலும் ஃப்ரீதான். காசு போறது ஹார்டுவேர்ல. எதை முதல்ல வாங்கணும், எதை வாங்கவே வேண்டாம்னு இந்தக் கட்டுரையில பார்க்கலாம். என் சொந்த அனுபவத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில வெள்ளிமலை. வேலை சென்னையில. வொர்க் ஃப்ரம் ஹோம் காலத்துல வாங்கின டெஸ்க்டாப் இன்னும் ஊர்லதான் இருக்கு. பிஜி ரூம்ல அதை வைக்க இடம் கிடையாது. மானிட்டரை மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன். 2024 ஜூலை கடைசி வாரம், ஐடி ரிட்டர்ன் போடணும். வாடகை ரசீது, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாத்தோட ஸ்கேனும் அந்த பிசியிலதான். கனெக்ட் பண்ணிப் பார்த்தா ஆஃப்லைன். மலையில மழை பெஞ்சு கரண்ட் போய் வந்திருக்கு. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "பட்டன அமுக்கிட்டேன் சாமி, லைட்டு எரியுது, ஃபேன் சத்தமும் வருது"ன்னாங்க. ஆனா இங்க ஆஃப்லைன்தான்.

ஜூலை 31 தாண்டினா 5,000 ரூபாய் வரைக்கும் லேட் ஃபீஸ். அதைவிடப் பெரிய அடி, லேட்டா போட்டா பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. வேற வழியில்லாம ராத்திரி பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியா மலையேறி வீட்டுக்குப் போனேன். டிவியில கேபிளைச் சொருகிப் பார்த்தா, எஃப்1 அமுக்கச் சொல்லி ஸ்கிரீன் நிக்குது. மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப் போச்சு. பேட்டரி விலை 40 ரூபாய். பஸ் செலவும் ஒருநாள் சம்பளமும் சேர்த்து எனக்குப் போனது 2,000 ரூபாய்க்கு மேல.

அன்னிக்குப் புரிஞ்சது இதுதான்: ரிமோட் ஆப் வேலை செய்ய ஆரம்பிக்கிறதே விண்டோஸ் திறந்த பிறகுதான். அதுக்கு முன்னாடி நடக்கிற பிரச்சினைக்குத்தான் ஹார்டுவேர் வேணும்.

முதல் கேள்வி: உங்களுக்கு இது தேவையா?

ஃபைல் மட்டும்தான் வேணும்னா தேவையே இல்லை. கூகுள் டிரைவ்ல 15 ஜிபி ஃப்ரீ. ஃபார்ம் 16, ரசீதுகளை அங்க போட்டு வெச்சிருந்தா நான் அன்னிக்கு மலையே ஏறியிருக்க வேண்டாம். வீட்டு பிசியோட பவர் தேவைப்படுறவங்க, உதாரணத்துக்கு வீடியோ எடிட்டிங், டேலி, கோடிங்னு வேலை செய்றவங்க மட்டும் மேல படிங்க.

24 மணி நேரமும் ஆன்ல விட்டா என்ன?

பலர் செய்றது இதுதான். கணக்கு போடுவோம். சும்மா இருக்கிற டெஸ்க்டாப் 60 வாட் எடுக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 1.44 யூனிட். நம்ம மின்கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. 60 நாளைக்கு 86.4 யூனிட்! வீட்டுக்கு அரசு தர்ற இலவச யூனிட்ல பெரிய பங்கை இந்த ஒரு பிசியே சாப்பிட்டுடும். அம்மா அப்பா மட்டும் இருக்கிற வீட்டுல இத்தனை நாள் பில்லே வராம இருந்திருந்தா, இனிமே வரலாம். ஏற்கெனவே 500 யூனிட் பக்கத்துல இருக்கிற வீடுன்னா இன்னும் மோசம். 500-ஐத் தாண்டினா குறைஞ்ச ரேட் ஸ்லாப் போயிடும்.

அதே பிசியை ஸ்லீப்ல போட்டா 3 வாட் மாதிரிதான். 60 நாளைக்கு 4 யூனிட் சொச்சம். அதனால பிசி தூங்கட்டும். தேவைப்படும்போது எழுப்பறதுக்கு மட்டும் செலவு பண்ணுவோம்.

வாங்க வேண்டிய வரிசை (விலை எல்லாம் தோராயம்தான்)

1. பட்டன் பேட்டரி, 40 ரூபாய். மூணு நாலு வருஷம் ஆன பிசின்னா கேள்வியே கேக்காம மாத்திடுங்க. இது செத்துட்டா, கரண்ட் போனதும் பல போர்டுகள்ல பயாஸ் செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும். கீழே சொல்ற எதுவுமே நிக்காது.

2. லேன் கேபிள், 200 ரூபாய். தூங்குற பிசியை நெட்வொர்க் வழியா எழுப்பறதுக்குப் பேரு 'வேக் ஆன் லேன்'. வைஃபையில இதை நம்ப முடியாது. ரவுட்டர்ல இருந்து நேரா கேபிள் இழுங்க. பயாஸ்ல இதை ஆன் பண்ணி, 'ஈஆர்பி' செட்டிங்கை ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ்ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் எடுத்துடுங்க.

3. எச்டிஎம்ஐ டம்மி பிளக், 300 ரூபாய். மானிட்டர் இல்லாத பிசிக்கு மட்டும். இது இல்லேன்னா சில கிராஃபிக்ஸ் கார்டுல கருப்பு ஸ்கிரீன் வரும், இல்ல சின்ன ரெசல்யூஷன்ல மாட்டிக்கும்.

4. ரவுட்டருக்கு மினி யுபிஎஸ், 1,200 ரூபாய். கரண்ட் போனாலும் இன்டர்நெட் நிக்கும். வோல்டேஜ் பார்த்து வாங்குங்க. ரவுட்டர் அடாப்டர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு எழுதியிருக்கும். 5 வோல்ட் யுஎஸ்பி அவுட்டும் இருக்கிற மாடலா எடுங்க, அடுத்த பொருளுக்கு உதவும்.

5. எழுப்பி விடுற ஆள், 2,500 ரூபாய். எழுப்புற சிக்னல் வீட்டு நெட்வொர்க்குக்குள்ள இருந்துதான் வரணும். சென்னையில இருந்து நேரா அனுப்பினா ரவுட்டர் தாண்டி உள்ள போகாது. அதுக்கு வீட்டுலயே எப்பவும் முழிச்சிருக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர் வேணும். ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, மெமரி கார்டு, அடாப்டர் போதும். 2 வாட் எடுத்தாக்கூட 60 நாளைக்கு 3 யூனிட்தான். வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரவுட்டர் ஆப்லயே எழுப்புற வசதி இருக்கான்னு பாருங்க. இருந்தா 2,500 மிச்சம்.

பட்ஜெட் இல்லேன்னா 1,000 ரூபாய் ஸ்மார்ட் பிளக். பயாஸ்ல 'ஏசி பவர் லாஸ்' செட்டிங்கை 'பவர் ஆன்'னு வெச்சா, பிளக்கை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் பிசி தானா கிளம்பும். பிசி ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீங்க. டேட்டா போயிடும். அப்புறம், இந்த செட்டிங் வெச்சா ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் பிசி ஆன் ஆகும், அதையும் யோசிச்சுக்குங்க.

6. பிசிக்கு யுபிஎஸ், 3,000 ரூபாய். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும். அது வேலை பார்க்க இல்ல, ஒழுங்கா ஷட் டவுன் பண்ண. இடி மின்னல் அதிகம் இருக்கிற மலை ஊர்ல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துடுங்க.

7. ஐபி கேவிஎம், 5,000 ரூபாய்க்கு மேல. நானோகேவிஎம், ஜெட்கேவிஎம், பைகேவிஎம்னு வருது. இது பிசியோட ஸ்கிரீனையும் கீபோர்டையும் அப்படியே இன்டர்நெட்ல கொண்டு வரும். எஃப்1 கேட்டு நிக்கிற ஸ்கிரீனைக்கூட சென்னையில இருந்தே பார்த்து அமுக்கலாம். அந்த பிசியாலதான் உங்களுக்கு வருமானம்னா வாங்குங்க. இல்லேன்னா வேண்டாம்.

மாசாமாசம் போற காசு

ஹார்டுவேர் ஒருதடவை செலவு. சிம் போட்ட 4ஜி ரவுட்டருக்கு மாசம் 300 ரூபாய் ரீசார்ஜ்னா வருஷத்துக்கு 3,600. அதனால முதல்ல ஒரு மாசம் ரீசார்ஜ் பண்ணி, ரவுட்டரை வெக்கப் போற அதே இடத்துல சிக்னல் எப்படின்னு பாருங்க. மலையில ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். சிம் கனெக்‌ஷன்ல பொதுவா தனி ஐபி கிடைக்காது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப், டெயில்ஸ்கேல் ரெண்டும் அது இல்லாமலே ஓடும்.

பாதுகாப்பு

அந்த பிசியில உங்க பேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கு. ரவுட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க. ரெண்டடுக்கு பாஸ்வேர்டு கட்டாயம். எனிடெஸ்க் மாதிரி ஆப் வழியா பணம் திருடுறாங்கன்னு ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலயே எச்சரிச்சிருக்கு. பேங்க்ல இருந்து பேசறோம்னு யார் கேட்டாலும் அந்த ஆப்ல வர்ற நம்பரைச் சொல்லாதீங்க, வீட்டுல அம்மா அப்பாகிட்டயும் சொல்லி வைங்க. ஆபீஸ் லேப்டாப்ல இதையெல்லாம் மாட்டவே வேண்டாம். கம்பெனி பாலிசியில மாட்டினா வேலையே போகலாம்.

மொத்தக் கணக்கு

முதல் மூணும் சேர்த்து 540 ரூபாய். நாலும் அஞ்சும் சேர்ந்தா 4,240. பெரும்பாலானவங்களுக்கு இங்கயே போதும். யுபிஎஸ் அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம். எல்லாம் மாட்டினதும் ஊர்ல இருக்கும்போதே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க. வீட்டு வைஃபையை விட்டுட்டு மொபைல் டேட்டாவுல பிசியை எழுப்பிப் பாருங்க. எழுந்திருச்சா தைரியமா பஸ் ஏறலாம்.

நான் இப்போ அஞ்சாவது ஐட்டம் வரைக்கும்தான் வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் பிசிக்காக ஒருதடவைகூட மலையேறல. அம்மாவைப் பார்க்க மட்டும்தான் போறேன்.