நல்லூர் வீதியிற் கச்சான்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழா 25 நாள் நடைபெறுவது. அந்நாள்களில் வீதியோரமெங்கும் கச்சான் கடைகள் எழும். வழிபாடு முடித்து வீடு திரும்புவோர் கையில் ஒரு சரை கச்சானேனும் இல்லாதிருத்தல் அரிது.

நாம் கச்சான் என வழங்குவது தமிழகத்தார் கூறும் நிலக்கடலையே. இதன் தாயகம் தென்னமெரிக்கா. மஞ்சட் பூ மண்ணுக்கு மேலே மலரும். கருவுற்றபின் அதன் காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுட் புகும். காய் அங்கே முற்றும். வேர்க்கடலை என்னும் பெயர் உண்டாயினும் இது வேரன்று. அவரை இனத்துக் காயே.

வறுப்போர் தாச்சியில் மணலைச் சூடாக்கி, அதனுட் கச்சானைக் கொட்டி இடையறாது கிளறுவர். மணல் ஒவ்வொரு காயையும் சூழ்ந்து வெப்பத்தைச் சமமாகப் பரப்புதலால், கோது கருகுமுன் பருப்புப் பதமாகின்றது. எண்ணெய் வேண்டுவதில்லை. பின்னர் மணலை அரித்து நீக்கி, சுண்டால் அளந்து விற்பர்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, பூஞ்சணம் பற்றிய கடலைப் பிண்ணாக்கை உண்ட வான்கோழிகள் ஒரு இலட்சத்துக்கு மேல் மடிந்தன. அதனை ஆராய்ந்தபோதே அப்ளாடொக்சின் என்னும் நஞ்சு புலனாயிற்று. ஈரலைத் தாக்கும் அந்நஞ்சு வறுத்தலால் முற்றாக அழிவதில்லை. ஆகவே, விற்போர் நன்குலர்ந்த கச்சானையே தேர்ந்து வறுத்தல் வேண்டும். வாங்குவோர் சுருங்கிக் கறுத்ததையும் கைப்பதையும் விலக்குதல் வேண்டும். எஞ்சிய நல்ல பருப்பை மனநிறைவோடு சுவைக்கலாம்.