தேரில் ஏறி அருகில் அமர்ந்தவர்

(வானொலி மறையுரையின் அச்சு வடிவம். வாசகம்: திருத்தூதர் பணிகள் 8:26-40)



எத்தியோப்பிய அரசியின் நிதி அமைச்சர் எருசலேமில் வழிபட்டுவிட்டுத் தேரில் ஊர் திரும்புகிறார். கையில் இறைவாக்கினர் எசாயாவின் சுருள். கையால் எழுதப்பட்ட சுருளைச் சொந்தமாக வைத்திருப்பது அந்நாளில் பெரிய செல்வம். அவரிடம் ஏடு இருந்தது, வாசிக்கவும் தெரிந்தது. இல்லாதது ஒன்றுதான்: விளக்கிச் சொல்ல ஓர் ஆள். பிலிப்பு தேரின் அருகே ஓடிச்சென்று, வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படிப் புரியும் என்கிறார் அமைச்சர். ஏறி அருகில் அமரும்படி வேண்டுகிறார். பிலிப்பு புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கவில்லை. அவர் வாசித்துக்கொண்டிருந்த அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார்.

இன்று நம் பிள்ளைகளின் கையில் உள்ள சுருள், கைப்பேசி. 2018-இல் வந்த நம் மாநிலத்தின் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு என்னும் கட்டங்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கைப்பேசியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதியும் உண்டு. அது வேறு வகை. காணொளியைப் பார்க்கத்தான் முடியும். இதில் பிள்ளையே கைவைத்துச் செய்யலாம். கணக்குக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்கு ஃபெட் போன்ற இலவசக் கருவிகள் இப்படி வருகின்றன. ஃபெட் கருவிகளை 2002-இல் தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றிருந்தார்.

ஓர் எடுத்துக்காட்டு. மிதப்பதும் மூழ்குவதும் பற்றிய பாடம். திரையில் ஒரு தொட்டி நீர், பக்கத்தில் சில கட்டைகள். எடையைக் கூட்டலாம், அளவைக் குறைக்கலாம், நீரில் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஆசிரியர் உடனே போடவிடமாட்டார். ‘மிதக்குமா, மூழ்குமா? முதலில் சொல், ஏன் என்றும் சொல்’ என்பார். பிள்ளை ஒன்றைச் சொல்லும். போட்டுப் பார்த்தால் வேறொன்று நடக்கும். அந்த வியப்பில்தான் கற்றல் பிறக்கிறது. பிறகு, ‘இரும்பாணி மூழ்குகிறது, உன் அப்பாவின் விசைப்படகிலும் டன் கணக்கில் எடை இருக்கிறதே, அது ஏன் மூழ்கவில்லை?’ என்று கேட்டால் வகுப்பே விழித்துக்கொள்ளும். இந்தக் கேள்வி இணையத்தில் இல்லை. தருவைகுளத்துப் பிள்ளையை அறிந்த ஆசிரியரிடம்தான் இருக்கிறது. கருவியைத் தருவது கணினி. கேள்வியைத் தருவது ஆசிரியர். அந்தக் கேள்வியை முந்தின நாளே யோசித்து எழுதிவைப்பதுதான் பாடக்குறிப்பு.

அன்பானவர்களே, கருவி மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு வருந்திக் கற்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. பல ஆசிரியர்கள் அரும்பாடுபட்டார்கள். ஆனால் திரை பேசியது, பிள்ளை கேட்டது. பிள்ளை பேசியபோது கேட்கத் திரைக்குக் காது இல்லை. வீட்டின் ஒரே கைப்பேசி அப்பாவோடு தங்குகடலுக்குப் போய்விட்டால், அதுவும் இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1-இல்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாலையில் தெருவிலும் திண்ணையிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பிலிப்பு தேரில் ஏறியதுபோல.

2022 ஜூனில் வந்தது ‘எண்ணும் எழுத்தும்’. அதில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு தெரியும் என்று கைப்பேசிச் செயலி வழியாக முதலில் மதிப்பிடுகிறார். அதன்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் பத்தியை வாசி என்று அதட்டுவதில்லை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது. பிலிப்பு செய்ததும் இதுவே.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். 2019-இல் தொடங்கிய ‘நிஷ்டா’ என்னும் தேசியப் பயிற்சி, நாடெங்கும் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களை எண்ணித் திட்டமிடப்பட்டது. 2020 அக்டோபர் முதல் இணையவழியிலும் வந்தது. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்பது நன்மை. ஆனால் காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்குகிற சோதனை யாருக்கும் வரும். பயிற்சியின் பலன் சான்றிதழில் அல்ல, மறுநாள் வகுப்பில் கேட்கும் கேள்வியில் தெரியும்.

நம் முத்துக்குளித்துறைக்கு இது புதிதல்ல. 1542-இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளையே அனுப்பினார். தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது, கற்பிக்கக் கணக்கப்பிள்ளைகளைப் பழக்கி விட்டுச்சென்றார். மணி ஒரு கருவி, கணக்கப்பிள்ளை ஆசிரியர். கருவியையும் ஆளையும் சேர்த்தே அவர் தயாரித்தார்.

எனவே நம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு, இயேசு புயலை அடக்கிய பகுதியை (மாற்கு 4:35-41) எடுங்கள். வகுப்புக்கு ஒரு கைப்பேசி போதும். வேண்டியதைச் சனிக்கிழமையே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டாம். கலிலேயக் கடலை வரைபடத்தில் காட்டுங்கள்: நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர், சுற்றிலும் மலைகள். இவ்வளவு சிறிய நீர்நிலையில் புயல் எப்படி வரும் என்று கேளுங்கள். வாடை, கச்சான் என்று காற்றின் பேர் சொல்லி வளர்ந்த நம் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். பிறகு, அப்பா கடலில் இருக்கும் இரவில் காற்று எழுந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சீடர்களின் அச்சம் அப்போது அவர்களுக்குப் புரியும்; ஆண்டவர் அதே படகில் இருந்தார் என்பதும் புரியும். பாடக்குறிப்பில் மூன்று வரி எழுதுங்கள்: நான் கேட்கப்போகும் கேள்வி, பிள்ளை செய்யப்போகும் செயல், புரிந்ததை நான் அறியும் வழி.

பெற்றோரே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை கைப்பேசியில் படிக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் படிக்காதவராக இருந்தாலும், ‘புரியுதா மக்களே, எனக்குச் சொல்லு’ என்று கேட்க முடியும். பிலிப்பு கேட்டதும் அந்த ஒரு கேள்விதான். யாரும் கேட்காத பிள்ளை மெல்ல மெளனமாகிறது. பிறகு ஒருநாள் பள்ளிக்கு வராமலே போய்விடுகிறது. அந்த இழப்பை எந்தச் செயலியும் ஈடுசெய்யாது.

அந்த அமைச்சர் மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார் என்கிறது வாசகம். நம் பிள்ளைகளும் அப்படிச் செல்ல, அவர்கள் அருகில் அமரும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.