இளவட்டக்கல்லும் உடல் வலிமையும்



நம் தூத்துக்குடி நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று உடற்பயிற்சி நிலையங்கள் பெருகியுள்ளன. அவற்றுள் சில ஆண்டுக்கொரு முறை வலிமைப் போட்டி நடத்துவதும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய போட்டியில் சேர விரும்பும் வாலிபர்கள், "ஐயா, ஒரு மாதம் பயின்றால் போதுமா?" என்று என்னை வினவுவதுண்டு. இவ்வினாவிற்கு உரிய விடையை நம் நாட்டுப்புறத்துப் பழைய போட்டி ஒன்று தெளிவாகத் தருகின்றது. அதுவே இளவட்டக்கல் தூக்கும் போட்டி.

இளவட்டம் என்றால் இளைஞர் கூட்டம். அவர்தம் வலிமையை அளந்தறிய ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்த உருண்டையான, வழவழப்பான கல்லே இளவட்டக்கல். அதனைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பர் என்று முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அதனால் அதற்குக் கல்யாணக்கல் என்ற பெயரும் உண்டு. 1986ஆம் ஆண்டு வரை நம் மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருநெல்வேலிச் சீமையில் இவ்வழக்கம் இன்னும் மறையவில்லை. அங்குள்ள வடலிவிளை என்னும் சிற்றூரில் பொங்கல் திருநாளையொட்டி இப்போட்டி நடைபெறுகின்றது. வெவ்வேறு எடையுள்ள கற்கள் அங்கே உள்ளன; அவற்றுள் பெரியது 129 கிலோ. பெண்களும் தமக்குரிய போட்டியில் கலந்துகொள்கின்றனர்.

கல்லைத் தூக்கும் முறையைச் சற்று நோக்குவோம். கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, கல்லின் அடியில் கைகொடுத்து அணைக்க வேண்டும். அடுத்து அதனைத் தொடைமீது ஏற்றி, மடியில் நிறுத்தி மூச்சுவிட்டுக்கொள்ள வேண்டும். பின்பு மார்போடு சேர்த்து உருட்டியவாறே நிமிர்ந்து, தோளுக்கு ஏற்றி, முதுகுப்புறமாக விட்டுவிட வேண்டும். பின்னால் எவரும் நில்லாதவாறு பார்த்துக்கொள்வது ஊராரின் கடமை.

கல்லை ஏன் உடலோடு அணைக்க வேண்டும்? நீங்கள் வகுப்பில் படிக்கும் நெம்புகோல் தத்துவமே இதற்கு விடை. நம் முதுகுத் தசைகள் முதுகெலும்பின் சுழல் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் நின்று இழுக்கின்றன. 60 கிலோ கல்லை அம்மையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னே பிடித்தால், அதனைச் சமன் செய்யத் தசைகள் 600 கிலோ எடைக்கு ஒப்பான விசையைத் தரவேண்டும். உடலோடு அணைத்துத் தொலைவை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் 300 கிலோ போதும். கல் அதே கல்தான், சுமையோ பாதியாகிவிடுகின்றது. எனவே, வலிமையோடு முறையும் வேண்டும் என்பது விளங்கும்.

நம் கடற்கரை மக்களும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டில் நடந்த முத்துக்குளிப்பே இங்கு நிகழ்ந்த இறுதிப் பெருங்குளிப்பு. அக்காலத்துக் குளிப்போர், கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால்வைத்து ஆழத்திற்கு இறங்குவர். கீழே செல்வதற்குக் கைகால்களை அடித்து மூச்சை வீணாக்காமல், அதனைச் சிப்பி பொறுக்குவதற்கென்று சேமித்தார்கள். வலிமையைச் சிக்கனமாகச் செலவிடுவதும் ஒரு பயிற்சியே அன்றோ?

கடலோரத்தில் கல்லால் மனிதனை அளந்தவர் உலகின் மறுகோடியிலும் உண்டு. ஐஸ்லாந்து நாட்டின் மேற்குக் கரையில், மீன்பிடி படகில் வேலை கேட்டு வந்தோரைச் சோதிக்க நான்கு கற்கள் இருந்தன. அவை இன்றும் அங்கே கிடக்கின்றன. அவற்றின் எடை 154, 100, 54, 23 கிலோ. முழு வலிமை, அரை வலிமை என்று அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. 54 கிலோ கல்லையேனும் தூக்க இயலாதவன் கடல் தொழிலுக்குத் தகுதியற்றவனாகக் கருதப்பட்டான்.

வடலிவிளையிலும் ஐஸ்லாந்திலும் கற்கள் படிப்படியாக அமைந்திருத்தலைக் காண்க. சிறியதைத் தூக்கியவனே பெரியதை அணுக வேண்டும் என்பது அதன் கருத்து. உடலியல் நூலாரும் இதனையே வற்புறுத்துகின்றனர். பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் வலிமை கூடுவதற்குப் பெரும் காரணம் தசை பருப்பதன்று. இருக்கின்ற தசையை ஒருங்கே இயக்க நரம்புகள் பழகுவதேயாகும். தசை பெருகுவது அதன் பின்னர் மெல்ல மெல்ல நிகழும். தசைநாரும் எலும்பும் உறுதிப்பட மாதங்கள் பல ஆகும். ஒரு மாதத்தில் ஊக்கம் மிகுந்து பெருஞ்சுமையை எடுப்பவனுக்குத் தசை இடங்கொடுத்தாலும், தசைநார் இடங்கொடாது. அன்றியும் தசை வளர்வது சுமை தூக்கும்போதன்று. உண்டு, உறங்கி, ஓய்வுகொள்ளும்போதே. நம் கரையில் கிடைக்கும் சாளை மீன், நிலக்கடலை, பயறு, முட்டை ஆகியவை போதிய புரதம் தருவன.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. போட்டி நெருங்கும் வேளையில், தசையை விரைந்து வளர்க்கும் என்று கூறி ஊக்கமருந்து ஊசிகளை விற்போர் உளர். அம்மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். வளரும் பருவத்தினருக்கு எலும்பின் வளர்ச்சி முனைகளை முன்னதாகவே மூடி, உயரத்தையும் குன்றச் செய்யும். ஒரு நாள் கைதட்டலுக்காக வாழ்நாள் நலத்தை ஈடு வைத்தல் அறிவுடைமையாகாது. போட்டிக்கு முன்னர்த் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி எடை குறைப்பதும் கேடு தருவதே.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் எம் பள்ளியில் பயின்றான். ஆண்டு விழாச் சுமைதூக்கும் போட்டியில் அவன் மூன்றாண்டும் பரிசு பெறவில்லை. ஆயினும், ஒவ்வோர் ஆண்டும் தான் தூக்கிய எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தான். இறுதியாண்டில் அதனை என்னிடம் காட்டி, "முதலாண்டுக்கு இப்போது இருபது கிலோ கூடியிருக்கிறது, ஐயா" என்றான். அவன் முகத்தில் தோல்வியின் சாயல் சிறிதும் இல்லை. ஆண்டுப் போட்டியின் பயனை அவன் நன்கு உணர்ந்திருந்தான். பரிசு ஒருவருக்கே கிடைக்கும். சென்ற ஆண்டின் தன்னை வெல்லும் வாய்ப்போ அனைவருக்கும் உண்டு.

ஆகவே மாணவர்களே, போட்டியில் தயங்காமல் கலந்துகொள்ளுங்கள். ஆனால் ஆயத்தத்தை ஓராண்டுக்கு முன்பே, தக்க ஆசிரியரின் மேற்பார்வையில், சிறிய சுமையிலிருந்து தொடங்குங்கள். நோயோ வலியோ இருப்பின் மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள். இவ்வாண்டு முழங்கால் வரை எழும்பிய கல், அடுத்த பொங்கலில் மார்பு வரை எழும்புமாயின், நீங்கள் வென்றவர்களே.